மூட்டையோடு வரும் கட்டளைச் சீட்டு



கணினியில் புதிய மென்பொருள் ஒன்றைப் போடும்போது திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நிறைந்துகொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். கோடு நிறைந்ததும் 'நிறுவப்பட்டது' என்ற சொல் தோன்றுகிறது. கோடு நிறையும் அந்த அரை நிமிடத்தில் உள்ளே நடப்பது என்ன? கோப்புகள் வந்து இறங்குகின்றன என்பது பாதி விடைதான். பல கணினிகளில், இறங்கிய மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த சில கட்டளைகளையும் கணினி அப்போது நிறைவேற்றுகிறது. அவற்றை 'நிறுவிய பின் நடக்கும் கட்டளைகள்' என்று கூறுவர். அந்தக் கட்டளைகளின் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

"இது பொறியியல் படித்தவர்களின் பாடம். பாகான் நக்கோடா ஓமாரிலும் சபாக் பெர்ணமிலும் கோல சிலாங்கூரிலும் செம்பனைக் குலை அறுத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று அந்தக் குடும்பங்களின் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. வங்கிக் கணக்கு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளின் பாடமும் கணினிக்குள் வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் ஒரு பொருள், நம் வீட்டு அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை செய்யலாமா? செய்யலாமென்றால் எந்த அளவுக்கு? இந்த வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. ஆகவே இது நமக்கும் உரிய பாடமே.

முதலில், இத்தகைய கட்டளை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

1980களில் மென்பொருள் மெல்லிய சதுர வட்டுகளில் வந்தது. வாங்கியவர் வட்டைச் செருகி, உள்ளே இருந்த கோப்புகளைத் தம் கணினிக்குப் படியெடுத்துக்கொள்வார். அதன்பின் கணினி தொடங்கும்போது படிக்கின்ற அமைப்புக் கோப்புகளில் சில வரிகளைத் தாமே எழுதிச் சேர்ப்பார். ஒரு வரி தவறினாலும் மென்பொருள் ஓடாது. தமிழும் இந்த வழியாகத்தான் கணினிக்குள் வந்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, பின்னாளில் முரசு அஞ்சல், ஆகியவற்றின் துணையால் மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலம் அது. எழுத்துரு ஒன்று கணினிக்குள் வந்தால் மட்டும் போதாது. 'இப்படி ஓர் எழுத்துரு இருக்கிறது' என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். விசைப்பலகையின் எந்த விசைக்கு எந்த எழுத்து என்றும் சொல்ல வேண்டும்.

இதனைப் பள்ளி நூல்நிலையத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஐம்பது புதிய நூல்கள் வருகின்றன. ஆசிரியர் அவற்றை அலமாரியில் அடுக்கிவிடுகிறார். ஆனால் பதிவேட்டில் எழுதவில்லை. மாணவன் ஒருவன் வந்து பதிவேட்டைப் புரட்டுகிறான். தேடிய நூல் அதில் இல்லை. நூல் அலமாரியிலேயே இருக்க, அவன் வெறுங்கையோடு திரும்புகிறான். கணினியின் நிலையும் இதுவே. கோப்பு வந்து இறங்குவது அலமாரியில் அடுக்குவதைப் போன்றது. பதிவேட்டில் எழுதுவது அதற்குப் பின் செய்ய வேண்டிய தனி வேலை. எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தல், பட்டியில் மென்பொருளின் பெயரைச் சேர்த்தல், பின்னணியில் ஓட வேண்டிய சேவையைத் தொடங்கி வைத்தல் ஆகியவை எல்லாம் இவ்வகை வேலைகளே.

இந்த வேலைகளை ஒவ்வொருவரும் கையால் செய்துகொண்டிருக்க முடியாது. எனவே மென்பொருளைக் கட்டி அனுப்புகிறவர்கள் ஒரு வழி கண்டார்கள். கோப்புகளை ஒரு மூட்டையாகக் கட்டினார்கள். அதற்குப் 'பொதி' என்று பெயர். அந்தப் பொதிக்குள் ஒரு கட்டளைச் சீட்டையும் வைத்தார்கள். 'சரக்கை இறக்கியபின் இன்னின்ன வேலைகளைச் செய்க' என்று அந்தச் சீட்டு கூறும். சீட்டைப் படித்துச் செய்யும் வேலையைக் கணினியே ஏற்றுக்கொண்டது.

1980களின் இறுதியில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்து, நான்காம் வெளியீட்டின் பொதி முறையிலேயே, நிறுவுவதற்கு முன் ஒரு சீட்டு, பின் ஒரு சீட்டு, நீக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்ற ஒழுங்கு இருந்தது. நிறுவுகிறவரிடம் முன்கூட்டியே கேள்வி கேட்பதற்கென்று தனிச் சீட்டு ஒன்றும் இருந்தது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். அதனைச் சுற்றிப் பல தொகுப்புகள் தோன்றின. 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் என்ற தொகுப்பை வெளியிட்டார். அதன் பொதிகளுக்குள்ளும் இறக்கியபின் ஓடும் கட்டளைக் கோப்பு ஒன்று இடம்பெற்றது. அதே 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். டெபியனின் பொதிக் கருவியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இயன் ஜாக்சன். அங்கும் அந்த நான்கு சீட்டு முறை நிலைபெற்றது. 1995இல் ரெட் ஹாட் நிறுவனத்தார் ஆர்.பி.எம். என்ற மற்றொரு பொதி முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் பின்கட்டளைக்குத் தனி இடம் உண்டு.

இதுவரை கேட்டால் எல்லாம் வசதியாகவே தோன்றும். இனி, அந்தச் சீட்டு யாருடைய அதிகாரத்தில் நிறைவேறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்வோம். விடியுமுன் ஆட்கள் கூடி நிற்கிறார்கள். அன்றைக்கு யார் எந்த நிரையில் வேலை என்று சொல்கிறார்கள். உர மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கிறது. மூட்டைக்குள் கடை முதலாளி எழுதிய சீட்டு ஒன்று இருக்கிறது. கிராணி அதனை எடுத்து, துரை எழுதிய உத்தரவைப் போலவே உரக்கப் படிக்கிறார். ஆட்களும் துரையின் சொல்லாகவே எண்ணி அதன்படி நடக்கிறார்கள். 'உரத்தை மரத்தைச் சுற்றித் தூவுக' என்று சீட்டு கூறினால் நல்லதுதான். 'ஸ்டோர் சாவியை லாரிக்காரரிடம் கொடுக்க' என்று கூறினால்? அதுவும் துரையின் உத்தரவாகவே நிறைவேறிவிடும்.

கணினியில் பின்கட்டளையின் நிலை பெரும்பாலும் இதுவே. டெபியன், ரெட் ஹாட் போன்ற தொகுப்புகளில் பொதியை நிறுவும் வேலை, கணினியின் எல்லாக் கோப்புகளையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல தலைமை அதிகாரத்தோடு நடக்கிறது. அந்த அதிகாரத்துக்கு 'ரூட்' என்று பெயர். ஆகவே பொதிக்குள் இருக்கும் சீட்டும் அதே அதிகாரத்தோடு ஓடும். நாம் ஓர் எழுத்துருவைக் கேட்டோம். அதனோடு வந்தவருக்கு வீட்டுச் சாவிக் கொத்து முழுவதையும் சிறிது நேரம் கொடுத்துவிட்டோம் என்பதே இதன் பொருள்.

இந்த ஆபத்தை முன்னோடிகள் அறியாதவர்கள் அல்லர். எனவே அவர்கள் சில விதிகளை வகுத்தார்கள். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதல் விதி, ஒரே சீட்டை இரண்டு முறை நிறைவேற்றினாலும் கேடு வரக் கூடாது என்பது. டெபியன் கொள்கை நூல் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. நிறுவும்போது மின்சாரம் நின்றுவிடலாம். பாதியில் பிழை நேரலாம். அப்போது கணினி அதே சீட்டை மறுபடியும் படிக்கும். செக்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்தத் தொழிலாளியின் பெயரைச் செக்ரோலில் எழுதுக' என்று ஒரு சீட்டு இருக்கிறது. இரண்டு முறை படித்தால் ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் ஏறும். சம்பளக் கணக்கு குழம்பும். அதற்கு மாறாக, 'பெயர் செக்ரோலில் இல்லையென்றால் எழுதுக' என்று சீட்டு கூறினால், பத்து முறை படித்தாலும் கணக்கு மாறாது. நல்ல பின்கட்டளை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் விதி, நடுவில் நின்று கேள்வி கேட்கக் கூடாது என்பது. தொடக்கத்தில் சில சீட்டுகள் பாதி வழியில் நின்று, 'இதை வைக்கட்டுமா, அதை வைக்கட்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தன. ஒரே கணினிக்கு முன் ஒருவர் அமர்ந்திருந்தால் அது பெரிய தொல்லையில்லை. நூறு கணினிகளுக்கு ஒரே இரவில் மென்பொருள் போட வேண்டியவர் என்ன செய்வார்? ஆர்.பி.எம். முறையில் பின்கட்டளைகள் யாரையும் எதிர்பாராமல் தாமே நடந்து முடிய வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே வழக்கமாயிற்று. டெபியனில் 1999ஆம் ஆண்டளவில் ஜோயி ஹெஸ் உருவாக்கிய டெப்கான்ஃப் என்ற முறை, கேட்க வேண்டிய கேள்விகளைப் பொதி இறங்குமுன்பே கேட்டுப் பதிலைக் குறித்து வைத்துக்கொண்டது.

இப்போது தமிழ் எழுத்துருவின் கதைக்குத் திரும்புவோம். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பல ஆண்டுகள் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டையும் தனித்தனி எழுத்துருவையும் வைத்திருந்தன. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றோர் இதழைப் படிக்க மற்றோர் எழுத்துரு என்று நிறுவிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு லோகித் என்ற கட்டற்ற எழுத்துருக்களை வெளியிட்டபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. லினக்ஸ் கணினிகளில் தமிழைத் திரையில் காட்டப் பலருக்கும் அது துணைநின்றது.

அக்காலத்து எழுத்துருப் பொதி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பின்கட்டளையைக் கொண்டுவந்தது. எழுத்துருக் கோப்பு இறங்கியதும், அந்தக் கட்டளை கணினியின் எழுத்துருப் பட்டியலைப் புதிதாக எழுதச் செய்யும். நம் பள்ளி நூல்நிலையப் பதிவேடு போன்றதுதான் அதுவும். தமிழுக்கு ஒரு பொதி, இந்திக்கு ஒரு பொதி, வங்காளிக்கு ஒரு பொதி என்று பத்துப் பொதிகளை ஒரே நாளில் போட்டால், பத்துச் சீட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவேட்டை முதலிலிருந்து எழுதும். பத்தாவது முறை எழுதியது மட்டுமே பயன்படும். முன் எழுதிய ஒன்பதும் வீண் உழைப்பு. அதைவிட முக்கியமான குறை ஒன்றுண்டு. ஒவ்வொரு பொதிக்காரரும் அந்தக் கட்டளையைத் தாமே எழுத வேண்டியிருந்தது. ஒருவர் மறந்தால் எழுத்துரு தெரியாது. ஒருவர் தவறாக எழுதினால் எல்லாருடைய பட்டியலும் கெடும்.

2007, 2008ஆம் ஆண்டுகளில் இயன் ஜாக்சன் இதற்கு நல்ல தீர்வு ஒன்றைக் கொண்டுவந்தார். சீட்டு எழுதும் வேலையைப் பொதியிடமிருந்து எடுத்து, வீட்டுக்காரரிடம் கொடுத்தார். எழுத்துருக்களைக் கவனிக்கும் நிரல் ஒன்று கணினியில் ஏற்கெனவே இருக்கிறது அல்லவா? அந்த நிரல், 'எழுத்துரு அலமாரியில் யார் எதை வைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள். எல்லாரும் வைத்து முடித்தபின் நானே ஒரே முறை பதிவேட்டைப் புதுப்பித்துக்கொள்கிறேன்' என்று முன்பே அறிவித்துவிடும். பொதி தன் கோப்பை வைத்துவிட்டுப் போகும். அதற்கு எந்தச் சாவியும் தேவையில்லை. இந்த முறைக்குத் 'தூண்டி' என்று பெயர் சொல்லலாம். 2009 பிப்ரவரியில் வெளிவந்த டெபியன் ஐந்தாம் பதிப்பில் இது இடம்பெற்றது. ஆர்.பி.எம். முறையிலும் 2016ஆம் ஆண்டளவில் இதுபோன்ற வசதி வந்தது. இன்று பெரும்பாலான எழுத்துருப் பொதிகளுக்குத் தனிப் பின்கட்டளையே தேவையில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றில் இதுவே நாம் கருத்தில் பதிக்க வேண்டிய திருப்பம். எல்லாருக்கும் பொதுவான வேலையை, வெளியிலிருந்து வருகிறவன் கையில் கொடுக்காமல் வீட்டுக்காரனே செய்துகொண்டால், வேலையும் சுருங்குகிறது, ஆபத்தும் சுருங்குகிறது.

எல்லாரும் இந்தப் பாதையில் செல்லவில்லை. செல்லாததால் நேர்ந்த விபத்து ஒன்றையும் வேண்டுமென்றே செய்த கேடுகள் சிலவற்றையும் பார்ப்போம்.

விபத்து 2011இல் நடந்தது. சில மடிக்கணினிகளின் வரைகலைக் கருவியை இயக்குவதற்காகத் தன்னார்வலர்கள் பம்பிள்பீ என்ற மென்பொருளை எழுதியிருந்தார்கள். அதன் நிறுவும் கட்டளைக் கோப்பில் பழைய அடைவு ஒன்றை அழிக்கும்படி ஒரு வரி இருந்தது. அந்த அடைவின் நீண்ட பெயருக்கு நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரே ஓர் இடைவெளிதான். அதனால் ஒரு பெயர் இரண்டு பெயர்களாயிற்று. கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் வாழும் தலைமை அடைவையே கட்டளை அழித்துவிட்டது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிழை தெரிந்ததும் திருத்திவிட்டார்கள். ஆனால் சாவிக் கொத்து முழுவதும் கையில் இருந்ததால், கையெழுத்துப் பிழை ஒன்று வீட்டையே காலி செய்துவிட்டது.

இனி வேண்டுமென்றே செய்த கேடுகள். 2010ஆம் ஆண்டளவில் ஐசக் ஸ்லூட்டர் உருவாக்கிய என்.பி.எம். என்ற பொதிக் களஞ்சியம், இணையத்தளம் கட்டுகிறவர்களிடையே வேகமாகப் பரவியது. டெபியனில் ஒரு பொதியைச் சேர்க்க வேண்டுமானால் பொறுப்பேற்கும் உறுப்பினர் ஒருவர் வேண்டும். என்.பி.எம். களஞ்சியத்திலோ, கணக்கு வைத்திருக்கும் எவரும் பொதியை ஏற்றலாம். அந்தப் பொதியிலும் நிறுவுமுன், நிறுவியபின் ஓடும் கட்டளைகளை வைக்கலாம். ஒரு பொதி வேறு பத்துப் பொதிகளை வேண்டும். அவை ஒவ்வொன்றும் இன்னும் பத்தை வேண்டும். நாம் கேட்டது ஒன்று, வந்து இறங்குவது நூற்றுக்கணக்கு. அத்தனை சீட்டுகளும் நம்மைக் கேளாமலே நிறைவேறும். 'சீட்டுகளை ஓட்டாதே' என்று கூறும் வசதி இருந்தது. ஆனால் கூறாதவர்களுக்கு ஓடத்தான் செய்தது.

2016 மார்ச்சில் சாம் சக்கோன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எச்சரித்தார். ஒரு பொதிக்குள் புகும் கெட்ட சீட்டு, அதனை நிறுவுகிறவரின் கணக்கைக் கைப்பற்றி, அவருடைய பொதிகளுக்குள்ளும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு, புழுவைப் போலப் பரவ முடியும் என்றார். அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் அந்த எச்சரிக்கையை வெளியிட்டது.

2018 ஜூலை 12ஆம் நாள் இ.எஸ்.லிண்ட்-ஸ்கோப் என்ற பொதியின் புதிய பதிப்பு ஒன்று வந்தது. அதைப் பேணியவர் வேறொரு தளத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்ததால், திருடன் அவருடைய கணக்கில் நுழைந்துவிட்டான். அந்தப் பதிப்பின் பின்கட்டளை, நிறுவியவர்களின் களஞ்சியச் சாவிகளைத் திருடி வெளியே அனுப்பியது. அந்நேரத்துக்கு முன் வழங்கிய எல்லாச் சாவிகளையும் களஞ்சியம் செல்லாதவையாக அறிவிக்க நேர்ந்தது. 2021 அக்டோபர் 22ஆம் நாள், வாரத்துக்கு 70 இலட்சம் முறைக்கு மேல் இறக்கப்படும் யு.ஏ.-பார்சர்-ஜே.எஸ். என்ற பொதிக்கும் அதே கதி நேர்ந்தது. நிறுவுமுன் ஓடும் சீட்டு, கணினியைத் திருட்டுத்தனமாக நாணயக் கணக்கு போடும் கூலியாளாக்கியது. 2025 செப்டம்பரில் சக்கோன் சொன்ன புழுவே வந்துவிட்டது. ஷை-ஹுலுத் என்று பெயர் சூட்டப்பட்ட அது, பின்கட்டளை வழியாக ஓடிச் சாவிகளைத் திருடி, 500க்கும் மேற்பட்ட பொதிகளுக்குள் தானே பரவியது. எச்சரிக்கைக்கும் நிகழ்வுக்கும் நடுவே ஒன்பதரை ஆண்டுகள் இருந்தன.

'அப்படியானால் பின்கட்டளைகளை அடியோடு ஒழித்துவிடலாமே' என்று தோன்றும். அதுவும் எளிதன்று. சில மென்பொருள்கள் இறங்கிய கணினிக்கு ஏற்பத் தம் பாகங்களை அங்கேயே செதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் தடுத்தால் அவை ஓடமாட்டா. எனவே நடுவழி ஒன்று தேவைப்பட்டது. என்.பி.எம். களஞ்சியத்தோடு பழகும் பி.என்.பி.எம். என்ற கருவி, 2025 ஜனவரியில் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, துணையாக வரும் பொதிகளின் சீட்டுகளைத் தானாக ஓட்டுவதை நிறுத்திவிட்டது. 'இந்தப் பொதியின் சீட்டை ஓட்டலாம்' என்று உரியவர் பெயர் குறித்து அனுமதித்தால்தான் ஓடும். முன்பு, வேண்டாம் என்று சொல்லாதவரை ஓடும். இப்போது, வேண்டும் என்று சொன்னால்தான் ஓடும். சிறிய மாற்றம் போலத் தோன்றினாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதை இது மாற்றிவிடுகிறது.

நம் கைப்பேசிகளுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியைப் போடும்போது அதனோடு வந்த சீட்டு எதுவும் தலைமை அதிகாரத்தோடு ஓடுவதில்லை. செயலி ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கிய அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். படக்கருவி வேண்டுமா, குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டுமா, தொலைபேசி எண்களைப் பார்க்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் நம்மைக் கேட்க வேண்டும். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, தேவைப்படும் நேரத்தில் திரையில் வந்து அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டது. இது நல்ல வேலி.

வேலி உயர்ந்ததும் திருடன் வேறு வழி தேடினான். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் வாட்ஸ்அப் வழியாகத் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்புகள் வருவதைப் பற்றிக் காவல்துறை எச்சரித்திருக்கிறது. அழைப்பிதழ் படமாக வரலாம், கடிதமாக வரலாம், ஏ.பி.கே. கோப்பாக வர வேண்டிய தேவையே இல்லை. ஏ.பி.கே. என்பது செயலியின் பொதி. அதனைத் தொட்டால் கைப்பேசி, 'வெளியிலிருந்து வரும் செயலியை ஏற்கலாமா?' என்று கேட்கும். அடுத்து, 'இது குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?' என்று கேட்கும். 'சரி' என்று அழுத்திக்கொண்டே போனால், வங்கி அனுப்பும் இரகசிய எண் திருடன் கைக்குப் போய்விடும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் இரகசிய எண் அனுப்பும் முறையைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளிடம் கூறியதற்கு இத்தகைய திருட்டுகளே காரணம்.

இங்கே நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். தானாக ஓடும் கட்டளையைக் கைப்பேசி தடுத்துவிட்டது. ஆகவே, அந்தக் கட்டளை செய்ய வேண்டியதை நம் விரலைக்கொண்டே செய்விக்கிறார்கள். சீட்டைப் படிக்கும் கிராணியாக நம்மையே ஆக்கிவிடுகிறார்கள்.

நம் முன்னோர்களுக்கு இந்த நிலை புதியதன்று. மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் கொண்டுவரும் வழக்கம் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்தக் காலங்களில், எழுதப் படிக்க வாய்ப்பில்லாத நம் மூதாதையர் பலர், பிறர் படித்துச் சொன்னதை நம்பித் தாளில் பெருவிரலை அழுத்தினார்கள். தாளில் இருந்தது ஒன்று, அவர்கள் காதில் விழுந்தது வேறொன்று என்ற கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அதனால்தான் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று நம்மவர் பாடுபட்டார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒருவன் இருந்தால் தாளைப் படித்துச் சொல்வான் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. இன்று தாளுக்குப் பதில் திரை வந்திருக்கிறது. பெருவிரல் அழுத்தும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எனவே நம் வீடுகளில் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வோம். செயலியை அதற்குரிய கடையிலிருந்து மட்டும் இறக்குவோம். உறவினர் பெயரில் வந்தாலும் ஏ.பி.கே. கோப்பைத் தொடமாட்டோம். திரை அனுமதி கேட்டால், 'நாம் கேட்ட வேலைக்கு இது தேவையா?' என்று ஒரு நொடி யோசிப்போம். கைவிளக்குச் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? பெற்றோருக்குத் திரையில் இருப்பது விளங்காவிட்டால், பள்ளி செல்லும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவேளை பணம் பறிபோய்விட்டால், உடனே தம் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகும்.

கணினித் துறையில் வேலைக்குச் செல்ல விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்களே பொதி கட்டி உலகுக்கு அனுப்பக் கூடும். அப்போது, பின்கட்டளை இல்லாமல் வேலை நடக்குமா என்று முதலில் பாருங்கள். இல்லாமல் முடியாதென்றால், தேவைக்கு மேல் ஒரு வரியும் எழுதாதீர்கள். இரண்டு முறை ஓடினாலும் கேடு வராதபடி எழுதுங்கள். அனுப்புமுன் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒருபோதும் காணாத ஒருவர், எங்கோ ஒரு வீட்டில், உங்களை நம்பிச் சாவிக் கொத்தைக் கொடுக்கப் போகிறார்.